பழைய பிக்கப் ஒன்றைத் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து திருத்துதல்

இடம்பெயர்ந்த ஓர் உழவரிடம் எதை இழந்தீர்கள் என்று கேட்டால் அவர் காணியைச் சொல்வார், கிணற்றைச் சொல்வார், மாட்டையும் வீட்டையும் சொல்வார். இவற்றை எழுதி நிரப்பப் படிவங்கள் உண்டு. ஆனால் எந்தப் படிவத்திலும் இடம்பெறாத இழப்பு ஒன்றை நாம் பல குடும்பங்களில் அவதானித்திருக்கிறோம். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு தொழிலைக் காட்டிக்கொடுக்கும் இடத்தையும் அவர்கள் இழந்துவிட்டார்கள். தோட்டத்தில் தண்ணீர் மாறும்போது பிள்ளை கூட நின்று பாத்தி திறக்கப் பழகியது. வெங்காயம் பிடி கட்டும்போது கூட இருந்து கட்டப் பழகியது. முகாமில் தந்தை என்ன செய்தார்? நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றார். அதைப் பார்த்துப் பிள்ளை பழகுவதற்கு என்ன இருந்தது?

ஒரு பழைய பிக்கப் வாகனத்தைத் திருத்துவது பற்றி எழுதப் புகுந்த நாம் இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்பது போகப் போக விளங்கும்.

தென்னந்தோப்பில் நின்ற வாகனம்

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது. பாட்டனார் 1960களில் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் வாங்கி, புகையிலையும் வெங்காயமும் ஏற்றிச் சந்தைக்கு ஓடியவர். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது குடும்பம் பாயும் பாத்திரமும் நெல்மூட்டையும் அந்தப் பிக்கப்பிலேயே ஏற்றிக்கொண்டு ஊரை விட்டு வெளியேறியது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவிலும் அதுதான் கிழவிகளையும் குழந்தைகளையும் சுமந்தது. பிறகு குடும்பம் கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனது. வள்ளத்தில் வாகனம் ஏறாது. தென்மராட்சியில் ஓர் உறவினரின் தென்னங்காணியில் அதை விட்டுவிட்டுப் போனார்கள். பாட்டனார் வன்னியில் இறந்தார். மகன் 2009இல் மெனிக் பாம் வரை போய், 2010இல் அதே உறவினரின் காணிக்கு மனைவி பிள்ளையோடு திரும்பி வந்தார். ஊர்க் காணி விடுவிக்கப்படவில்லை. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கொஞ்சம் வெங்காயம், மிகுதி நாட்களில் கூலிவேலை என்று சீவியம் ஓடியது.

பிக்கப் அங்கேயே நின்றது. பின்பெட்டித் தகரத்தில் 2000ஆம் ஆண்டுச் சண்டையின்போது செல் சிதறல் துளைத்த இரண்டு ஓட்டைகள். இருக்கைக்குள் எலிக்கூடு. நான்கு ரயர்களும் மண்ணோடு ஒட்டிப்போயிருந்தன. மகள் அதன் கூரையில் ஏறி நின்று மாங்காய் பறிப்பாள். அது தங்களுடையது என்பதே அவளுக்குப் பதினான்கு வயதுவரை தெரியாது. ஒருநாள் கேட்டிருக்கிறாள்: "அப்பா, இந்தக் கார் ஆற்ற?"

"எங்கட தான் பிள்ளை. அப்பாவும் அப்புவும் ஓடினது."

"அப்ப ஏன் நிக்குது?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் மறுமொழி இருக்கவில்லை என்று பின்பு நம்மிடம் சொன்னார்.

விற்பதா, திருத்துவதா?

அதே காலத்தில் தெற்கிலிருந்து ஒருவர் வந்து அதற்கு நல்ல விலை கேட்டார். இதில் ஆச்சரியமில்லை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டில் நின்ற கறள் பிடித்த வாகனத்துக்கெல்லாம் விலை ஏறியது. பழைய மொறிஸ் மைனரை அலங்காரமாக வைத்திருக்க விரும்புவோர் வேறு உண்டு. அவர் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். நாம் விற்றுவிடும்படிதான் சொன்னோம். கடன் இருந்தது, மகளின் படிப்பு இருந்தது. ஓடாத வாகனம் சோறு போடாது என்றும் சொன்னோம். அபிவிருத்தி வேலையில் இருப்பவர்களுக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை நாம் அந்தப் பக்கம் போனபோது தந்தையும் மகளும் பிக்கப்பின் முன்மூடியைத் திறந்து வைத்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். மெனிக் பாமிலிருந்து வந்த நாள் முதல் நாம் கண்ட அந்த மனிதர் பேசாத மனிதர். அன்று அவர் பேசிக்கொண்டிருந்தார். இது பம்ப், இது காபரேற்றர், இதற்குள் அப்பு ஒருமுறை பஞ்சு அடைத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தவர் என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். நாம் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றோம். விற்பனை பற்றிய பேச்சை அதன்பின் நாம் எடுக்கவில்லை.

இதைக் கொண்டு எல்லோரும் பழைய வாகனத்தைத் திருத்துங்கள் என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும் குடும்பம் விற்பதே சரி. சசி என்ற அடிச்சட்டம் உக்கிப்போன வாகனமும் விற்கவேண்டியதே. இந்தக் குடும்பத்தில் வேலை தொடங்குமுன் தந்தையும் தாயும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு வெங்காயப் போகத்திலும் விதை வெங்காயத்துக்கும் பசளைக்கும் எடுத்துவைத்தபின் மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாகனத்துக்குப் போகக்கூடாது. கணக்குக் கொப்பி மகளிடம். தாய் எந்த நேரமும் கேட்டுப் பார்க்கலாம். ஆகவே வேலை பதினாலு மாதம் இழுத்தது. அந்த இழுவையில் நட்டமில்லை.

தொடுமுன் பார்த்தல்

முதலில் எச்சரிக்கை ஒன்று. ஆளில்லாத வளவிலோ பற்றை மூடிய காணியிலோ நிற்கும் வாகனத்தை நீங்களாகப் போய் இழுக்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். முகமாலை, கிளாலி, எழுதுமட்டுவாள் பகுதிகளில் எவ்வளவு மிதிவெடி புதைக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்து விடுவித்த காணி என்பதைக் கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்திய பிறகே கிட்டப் போங்கள். நாம் சொல்லும் பிக்கப் ஆட்கள் குடியிருந்த வளவில் நின்றது.

மொறிஸ் மைனர் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1960ஆம் ஆண்டு முடிவில் பத்து இலட்சம் என்ற தொகையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுவே. வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. காருக்கும் பிக்கப்புக்கும் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. காருக்குத் தனியான சசி இல்லை, உடலே சட்டம். பிக்கப்புக்குத் தனிச் சசி உண்டு. ஆகவே கூரையும் கதவும் உக்கினாலும் பயப்படவேண்டியதில்லை, தகரம் ஒட்டலாம். சசியைத்தான் பார்க்கவேண்டும். சின்னச் சுத்தியலால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டு போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உக்கிய இடம் பொத்தென்று கேட்கும். பின் வில்லுத் தகடுகள் தொங்கும் இடங்களை இரண்டு தரம் தட்டுங்கள். இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கலாம், ஏனெனில் பிள்ளையின் காது நல்ல காது. அந்த மகள் தட்டித் தட்டி, சந்தேகமான இடங்களில் வெண்கட்டியால் வட்டம் போட்டாள். மூன்று வட்டங்களில் ஒன்றுதான் வெல்டிங் கேட்டது.

தென்னிலங்கையில் காலிப் பகுதியில் மொறிஸ் மைனருக்குரிய தகரப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலகம் ஒன்று 1990களில் இயங்கியது. இங்கிலாந்துக்காரன் தன் பழைய காருக்கு இலங்கைத் தகரத்தை வாங்கிப் பொருத்திக்கொண்டிருந்தான். அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. ஒரு பிளக் வாங்க வழியில்லாமல் அதே காரை நாம் கம்பியாலும் கயிற்றாலும் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

கழற்றும்போது செய்யவேண்டிய ஒரு காரியத்தை மட்டும் வற்புறுத்துகிறோம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் பிள்ளை அதைக் கொப்பியில் கீறவேண்டும். கழற்றிய ஆணியையும் வாசரையும் சிரட்டையிலோ பால்மாப் பேணியிலோ போட்டு, எங்கிருந்து கழன்றது என்று துண்டெழுதி வைக்கவேண்டும். பெரியவர்கள் "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்பார்கள். இருக்காது.

இறுகிய எஞ்சின்

கால் நூற்றாண்டு நின்ற எஞ்சின் சுற்றாது. உருளைக்குள் பிஸ்ரன் கறளோடு ஒட்டியிருக்கும். அவசரப்பட்டு வாகனத்தை வேறொரு உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்தால் உள்ளே முறியும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் சமமாகக் கலந்து அரைக் கோப்பை அளவு ஊற்றுங்கள். துணியால் மூடி ஒரு கிழமை விடுங்கள். பிறகு நான்காவது கியரில் போட்டு, இருவர் பின்னால் நின்று வாகனத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டவேண்டும். சில்லு வழியாக அந்த ஆட்டம் எஞ்சினுக்குப் போகும். அசையாவிட்டால் திரும்பவும் ஊற்றி, திரும்பவும் ஒரு கிழமை. அவர்களுக்கு ஐந்து கிழமை சென்றது. மகள் பாடசாலை விட்டு வந்ததும் சீருடையோடேயே ஒருதரம் ஆட்டிப் பார்ப்பாளாம். ஐந்தாம் கிழமை ஒரு மாலை விரற்கடை அளவு அசைந்தது. தாயையும் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

அசைந்த பிறகு பழைய எஞ்சின் ஒயில் முழுவதையும் வடித்துவிடுங்கள். ஊற்றிய கலவை அதற்குள் இறங்கியிருக்கும்.

வாள் அலகும் புத்தகமும்

இனிச் சொல்வதுதான் நமக்கு மிகவும் மனதில் நிற்கும் சம்பவம்.

இந்த எஞ்சின் 948 சிசி. நான்கு உருளைகள். பிளக் வெடிக்கும் ஒழுங்கு 1, 3, 4, 2. பிளக் முனையில் விடவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு. டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்றுக்கு ஆயிரத்தில் 15 பங்கு. வால்வின் டப்பற்றுக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயிரத்தில் 12 பங்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். இதன் பற்றறியில் நேர்முனைதான் உடலோடு இணையும். இன்றைய வாகனங்களில் எதிர்முனை இணையும். இன்றைய வழக்கத்தின்படி மாற்றிக் கொடுத்தால் டைனமோவும் அதைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் பழுதாகும்.

இந்த அளவுகள் ஆங்கிலத்தில் அச்சான ஒரு பழைய கைந்நூலில் இருந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து நாம் இரவல் வாங்கிக் கொடுத்தது. தந்தைக்கு ஆங்கிலம் வராது. மகள் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசிக்க வாசிக்கத் தந்தையைத் திருத்தவும் தொடங்கினாள். "அப்பா, அப்பிடியில்லை, புத்தகத்தில வேற மாதிரி இருக்கு." முதல் இரண்டு தரம் அவர் சிரித்தார். மூன்றாம் தரம் ஸ்பானரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் வேலை நடக்கவில்லை.

இடப்பெயர்வில் தந்தையர் தாங்கிய காயங்களில் இதுவும் ஒன்று. படிவம் நிரப்பப் பிள்ளை வேண்டும், அலுவலகத்தில் பேசப் பிள்ளை வேண்டும், தொலைபேசியை இயக்கவும் பிள்ளை வேண்டும். தான் அறிந்த ஒரே இடத்திலும் பிள்ளை புத்தகத்தோடு வந்து நின்றால் அவர் எங்கே போவார்?

நாம் போய்க் கேட்டபோது அவர், "சுவாமி, நாங்கள் பிளக்குக்கு இடைவெளி விட்டது வாள் அலகாலை. அப்பு பழக்கினவர். புத்தகம் பாத்தில்லை" என்றார். இரும்பு அரியும் கைவாளின் அலகைச் சொன்னார். பல் இல்லாத முதுகுப் பக்கத்தைப் பிளக் முனைக்குள் நுழைத்து, உரசியும் உரசாமலும் போனால் சரி என்பது கணக்கு. நாம் கராஜ் ஒன்றில் பீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டுக் கட்டை வாங்கி மகளிடம் கொடுத்து, வாள் அலகின் தடிப்பு எந்தத் தகட்டுக்குச் சமம் என்று ஒப்பிட்டுப் பார் என்றோம். அவள் ஒவ்வொரு தகடாக அலகோடு சேர்த்து வைத்து விரலால் தடவிப் பார்த்தாள். 22 மெல்லியது. 28 தடிப்பு. 25 சமம். புத்தகத்தைத் திறந்து திரும்பவும் பார்த்தாள். பிறகு கொட்டிலுக்குள் இருந்த தந்தையிடம் போய், "அப்பா, அப்புவின்ர வாளும் புத்தகமும் ஒண்டுதான்" என்றாள்.

அவர் வந்து பிளக்கைக் கையில் எடுத்தார். அன்றுமுதல் அவர்களுக்கிடையே ஒரு வழக்கம் ஏற்பட்டது. முதலில் தந்தை தன் பழக்கப்படி செய்வார். பிறகு மகள் அளந்து சொல்வாள். பொயின்றின் இடைவெளியில் அவர் பழக்கம் பிழைத்தது, ஆயிரத்தில் 20 வரை விட்டிருந்தார். அதை அவர் கோபமில்லாமல் திருத்தினார்.

நற்செய்தியிலும் ஒரு சிறு விபரம் உண்டு. மத்தேயு இயேசுவைத் தச்சரின் மகன் என்று ஊரவர் அழைத்ததாக எழுதுகிறார். மாற்கு தச்சர் என்றே எழுதுகிறார். மகன் என்ற சொல்லுக்கும் தச்சர் என்ற சொல்லுக்கும் இடையில் நாசரேத்தில் எத்தனை ஆண்டுகள், எத்தனை பிழையாக அறுத்த பலகைகள் இருந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு. அதைப் பற்றி நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை.

நம் பிழையான ஒழுங்கு

பெற்றோல் தாங்கியைக் கழற்றி, உள்ளே ஒரு முழம் சைக்கிள் செயினும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் கறள் எடுத்தார்கள். ஓட்டையான தாங்கிக்கு வெல்டிங் வைப்பதென்றால் அதை வீட்டில் செய்யக்கூடாது. காலியான தாங்கிக்குள் மிஞ்சும் ஆவியே வெடிக்கும். இவ்வாகனத்தில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓயும். ஓயாமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெற்றோல் ஒழுகுகிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டுச் சொல்வது மகளின் பொறுப்பாயிற்று.

ஹான்டில் கொடுத்துச் சுற்றும்போது பெருவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளவேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் பெருவிரலோ மணிக்கட்டோ முறியும். கியர் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் சுற்றவே கூடாது. பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்கவேண்டாம்.

அன்று ஞாயிறு. பூசை முடிந்து நாமும் போயிருந்தோம். ஐந்தாறு சுற்றில் எஞ்சின் இருமியது, பிறகு பிடித்தது. அயல் முழுவதும் கூடிவிட்டது. "ஒருக்கா எடுத்துப் பாருங்கோவன்" என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர். அவர் ஏறி முதல் கியரில் விட்டார். வாகனம் புறப்பட்டது. பிறேக்கை மிதித்தபோது மிதி தரைவரை போனது. கைப்பிறேக்கின் கம்பி கறளில் அறுந்தது. பிக்கப் கிடுகு வேலியை உடைத்துக்கொண்டு அடுத்த வளவு மரவள்ளிக்குள் போய் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அரை நிமிடத்துக்கு முன்வரை மகள் அந்த வேலியோடு சாய்ந்து நின்றவள். பம்பின் சத்தத்தைக் கேட்பதற்காகத்தான் இந்தப் பக்கம் வந்தாள்.

அன்று பின்னேரம் தந்தையும் மகளும் அந்த வேலியை அடைத்துக் கொடுத்தார்கள். நாம் கிடுகு எடுத்துக் கொடுத்தோம். அதிகம் பேசவில்லை.

ஆகவே நாம் செய்த ஒழுங்கில் நீங்கள் செய்யாதீர்கள். எஞ்சினில் கைவைக்கும் முன் பிறேக்கைச் செய்யுங்கள். ஓடாத வாகனத்துக்குப் பிறேக் எதற்கு என்று தோன்றும். அப்படித்தான் நமக்கும் தோன்றியது.

மொறிஸ் மைனரில் பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே மறைந்திருக்கிறது. கண்ணில் படாதபடியால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கழற்றிப் பார்த்தபோது உள்ளே றப்பர் எல்லாம் வீங்கிக் களியாகிக் கிடந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் யாரோ பிறேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள். எஞ்சின் ஒயில் பிறேக்கின் றப்பரைக் கெடுக்கும். ஒரு துளியும் படலாகாது. எல்லா றப்பரையும் மாற்றி, குழாய்களைப் புதிதாகப் போட்டு, பிறேக் எண்ணெயையே ஊற்றவேண்டும். அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. திறந்து வைத்த போத்தலைப் பாவிக்காதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு சிலிண்டர்கள் உண்டு, இறுக்கும் திருகுகளும் இரண்டு. ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு மற்றதை மறப்பது வழக்கமான பிழை. சில்லு இறுகும்வரை திருகி, பிறகு ஒரு பல் பின்னுக்கு விட்டால் போதும்.

பழைய பிறேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூளை வாயால் ஊதக்கூடாது, துடைப்பத்தால் தட்டவும் கூடாது. தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியையும் ஒரு பையில் கட்டி அகற்றுங்கள். அந்த நேரம் பிள்ளை தூர நிற்கட்டும். ஜக்கில் தூக்கிய வாகனத்துக்குக் கீழே போகுமுன் தடித்த மரக்குற்றி வைத்துத் தாங்குங்கள். சீமெந்துக் கல் வைப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். அது சத்தமில்லாமல் வெடித்துச் சிதறும்.

மண்ணெண்ணெய் பற்றி

1990களில் வாகனம் ஓட்டியவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். சேலைன் போத்தலால் இரண்டு துளி பெற்றோல் காபரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. பழைய எஞ்சினின் அமுக்கம் குறைவாக இருந்தபடியால் அது தாங்கியது. தந்தையர் அந்தச் சாதுரியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அது நம் சரித்திரம். ஆனால் இன்று அதைச் செய்யவேண்டாம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், பெயறிங்குகள் தேயும். இலாபமும் பெரிதில்லை. 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்ட்டில் ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இன்றைய பெற்றோலில் வேறொரு காரியத்தைக் கவனிக்கவேண்டும். 2002ஆம் ஆண்டு முதல் இலங்கையில் ஈயம் கலவாத பெற்றோலே விற்கப்படுகிறது. இந்த எஞ்சின் ஈயப் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. ஈயம் இல்லாவிட்டால் வால்வு உட்காரும் இடம் மெல்ல மெல்லத் தேயலாம். மெதுவாக, குறைந்த பாரத்தோடு ஓடும் வாகனத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பற் இடைவெளியைப் பிள்ளை அளந்து கொப்பியில் எழுதட்டும். எழுதிய எண் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டு வந்தால் தேய்வு நடக்கிறது என்று பொருள்.

முன் சில்லும் பாரமும்

மொறிஸ் மைனர் ஓட்டியவர்களில் சிலர் முன் சில்லு திடீரென மடிந்து வாகனம் மூக்குக் குத்தியதைக் கண்டிருப்பார்கள். சில்லைத் தாங்கும் அச்சின் மேலும் கீழும் மரை வெட்டிய மூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். கார் செய்தவர்கள் 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கச் சொன்னார்கள். நமது தெருக்களுக்கு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை கிறீஸ் அடிப்பது மகளின் வேலை.

பாரமும் அளவோடு இருக்கவேண்டும். தொடக்ககாலப் பிக்கப் கால் தொன்னுக்காகச் செய்யப்பட்டது. அதாவது சுமார் 250 கிலோ, 50 கிலோ மூடையென்றால் ஐந்து மூடை. ஆறாவது மூடையை ஏற்றச் சொல்லும் வியாபாரி வில்லுத் தகட்டுக்குக் காசு தரமாட்டான்.

பதிவும் கடதாசிகளும்

கடதாசி அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இடப்பெயர்வில் வாகனப் புத்தகம் தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கவேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் மற்ற உரிமைக்காரரின் சம்மதமும் தேவைப்படும். இதைப் பணம் செலவழிக்குமுன் செய்யுங்கள். திருத்தி முடித்தபின் பெரியப்பாவின் மகன் பங்கு கேட்டு வந்த கதைகள் நமக்குத் தெரியும். வருமான அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். பொருள் ஏற்றும் வாகனமாகப் பதிந்திருந்தால் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் 18 வயதுக்கு முன் தெருவில் ஓட்ட விடாதீர்கள்.

சென்ற போகத்தில் அந்தப் பிக்கப் முதன்முறையாகக் கொடிகாமம் சந்தைக்கு ஐந்து மூடை வெங்காயத்தோடு போனது. தரகருக்கும் லொறிக்கும் போகும் காசு அன்று வீட்டில் நின்றது. கூரைக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. இடப்பக்கக் கதவு பூட்டாது, கயிற்றால் கட்டியிருக்கிறது. பின்பெட்டியில் செல் துளைத்த இரண்டு ஓட்டைகளையும் அடைப்பதா என்று கராஜ்காரர் கேட்டிருக்கிறார். தந்தை மகளைப் பார்த்தார். ஒன்றை அடைத்துவிட்டு மற்றதை அப்படியே விடச் சொன்னாளாம். கழுவும்போது தண்ணீர் வடிய ஓர் ஓட்டை தேவைதானே என்பது அவள் சொன்ன காரணம்.